ஆரஞ்சு மட்டும் காலி

இல்ல அத்தை, அந்த மேக்கப் அம்மா மேல கோபப்படாதீங்க. விடிஞ்சும் விடியாம பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டாங்க, பாவம். மண்டபத்துல இந்த ரூமுக்குள்ள விடலங்கிறதுதான் விஷயம். பொண்ணு தானே போட்டுக்கும்னு முந்தியே சொல்லியாச்சு. உங்க வீட்டுல யாரும் அதைக் காதுல வாங்கல. இப்ப அவங்க வெளிய உக்காந்து மூக்கை உறிஞ்சிட்டிருந்தா நான் என்ன செய்ய. ஒரு டீ குடுக்கச் சொல்லுங்க, சரியாப் போயிடும்.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடுது. நேத்து எங்க சித்தி அதுல உக்காந்து கவிழ்ந்து, இன்னும் இடுப்பைப் பிடிச்சுட்டு நடக்கறாங்க. இப்படிக் கட்டில்ல உக்காருங்க. துணியெல்லாம் சுவர்ப் பக்கம் தள்ளிடுங்க, கசங்கினா கசங்கட்டும்.

உங்க அண்ணன் அனுப்பினாராக்கும். மகன் கல்யாணமாச்சே, மேடைக்கு வர்ற வரைக்கும் பொண்ணு பக்கத்தைவிட்டு நகராதன்னு சொல்லியிருப்பாரு. இல்ல, தப்பா எடுத்துக்கல. எனக்கும் பேச்சுத்துணை வேணும்தான். இந்த பல்பு வச்ச கண்ணாடி முன்னாடி தனியா உக்காந்திருந்தா நம்ம மொகமே யாரோட மொகமோ மாதிரி ஆயிடுது.

ஆரம்பிச்சாச்சு அத்தை. இது க்ரீம். சும்மா உக்காந்திருக்கற மாதிரி தெரியும், ஆனா இது காயணும். காயாம மேல எதையாவது தடவினா எல்லாம் உருண்டு உருண்டு வந்துடும், அழுக்குத் தேச்ச மாதிரி. மேக்கப்புன்னா போடறது கொஞ்சம், காத்திருக்கறதுதான் நெறைய. அந்த அம்மா போட்டிருந்தா ஃபேனை வச்சுக் காய வச்சுருப்பாங்க. எனக்கு அது வேணாம்.

துணி மொதல்லயே கட்டியாச்சு, பாருங்க, மேல துண்டைப் போட்டு மூடியிருக்கேன். மொகத்தை முடிச்சுட்டு அப்பறம் கட்டினா எல்லாம் துணியில ஒட்டிக்கும்.

போட்டோல பாத்த மாதிரி இல்லையா? எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. நீங்க நேத்து சாயங்காலம்தான ஊர்ல இருந்து வந்து இறங்கினீங்க, அந்தக் கூட்டத்துல தலையைத்தான் பாத்திருப்பீங்க. போட்டோவை நம்பாதீங்க அத்தை. இப்ப ஃபோனே பாதி மேக்கப்பைப் போட்டு விட்டுடுது. மூக்கைச் சின்னதாக்குது, கண்ணைப் பெருசாக்குது, தோலை வழிச்சு எடுத்துடுது. அந்தப் போட்டோவைக் கையில வச்சுக்கிட்டுத் தேடினா எங்க தெருவுல பாதிப் பொண்ணுங்களைப் பிடிச்சுட்டு வந்துடலாம்.

ஃபோன் இருந்தா ஒரு பாட்டாவது வச்சுக்கலாம். அதைத்தான் மாப்பிள்ளை நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாரே. பொண்ணு நல்லாத் தூங்கட்டும், தூங்கினாத்தான் மொகம் தெளிவா இருக்கும்னு சொன்னாராம். எங்க அம்மா அதைப் போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிப் பூரிச்சுப் போனாங்க, எவ்வளவு அக்கறை பாருங்கன்னு. தங்கச்சிக்காரி ஃபோனையும் சேத்து வாங்கிட்டாரு. அவ தூங்கினா என்ன, தூங்காட்டி என்ன. அதான் எனக்கு விளங்கல.

ம்? ஆமா, எங்க வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. ஒண்ணரை வயசு வித்தியாசம். மூக்கு ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, எங்க அப்பா மூக்கு. இப்ப ஒருத்தி வெளிய போயிருக்கா. நீங்க பாத்தீங்களா? மாஸ்க்கும் கண்ணாடியுமா, தோள்ல காலேஜ் பையோட. ஆங், அவதான். கேட்ல என்ன சொன்னா? பின்னூசி வாங்கவா. சரிதான், கல்யாண வீட்டுல சேலைக்குக் குத்தற பின்னூசி எவ்வளவு இருந்தாலும் பத்தாது. உங்க டிரைவர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியும் வேணாம்னுட்டாளா. அவ அப்படித்தான், யார் வண்டியிலயும் ஏற மாட்டா.

இருங்க, காஞ்சுடுச்சு. இப்ப ஃபவுண்டேஷன். இதைத் தேய்க்கக் கூடாது, ஸ்பாஞ்சால ஒத்தி ஒத்தி வைக்கணும். கன்னத்துல இருந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா. கழுத்தை விட்டுட்டா மொகம் ஒரு நெறம், கழுத்து ஒரு நெறம், முகமூடி மாட்டின மாதிரி ஆயிடும். மெதுவாத்தான் போடுவேன் அத்தை. அவசரப்படுத்தாதீங்க. நீங்க அவசரப்படுத்தினா திரும்பக் கழுவிட்டு மொதல்ல இருந்து வரணும், அதுக்கு இது தேவலை.

திட்டுத் திட்டா நிக்குதா? ஆமா, நிக்குது. காஸ்மெட்டிக் கடை கவுண்டர்ல அஞ்சு வருஷம் நின்ன கை இப்படியா திட்டு வைக்கும்னு கேக்குறீங்க. கடையில அடுத்தவங்க மொகம் அத்தை, அது வேற. கல்யாணத்தன்னிக்கு உக்காந்தா யாருக்கும் கை வராது. வெக்கமாத்தான் இருக்கு, என்ன பண்றது.

கடையைப் பத்திச் சொன்னதும் ஞாபகம் வருது. எங்க வீட்டுல ஒருத்தி கடையில நின்னதாலதான் இன்னொருத்தி காலேஜ் போனா. எங்க சொந்தத்துலயே காலேஜ் வாசலை மிதிச்ச மொதப் பொண்ணுன்னு அப்பா ஊரெல்லாம் சொல்லுவாரு. நின்னவ கால் வீங்கினதை யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. சாயங்காலம் வந்து உப்புத் தண்ணில காலை வச்சுக்கிட்டு, நீ படிடி, எனக்கென்ன, ஏசியிலதான நிக்கிறேன்னு சொல்லுவா. படிச்சவளுக்கு அது மறக்காது.

அந்தப் பெட்டியா? ஆமா, உங்க வீட்டுல இருந்து வந்ததுதான். தட்டு தட்டா சீர் வந்தப்போ நடுவுல இருந்துது. மூடில கண்ணாடி, உள்ள மூணு அடுக்கு, வெல்வெட்டு. எங்க தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. நீங்க தேர்ந்தெடுத்ததா? இல்லையா. சரி, யாரா இருந்தா என்ன. புதுசுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க.

அது புதுசு இல்ல அத்தை.

கோபமா சொல்லல, சும்மா சொல்றேன். கவுண்டர்ல நின்னவங்களுக்குப் பெட்டியைத் தெறந்ததும் தெரிஞ்சுடும். மேல துடைச்சு, பிரஷ் எல்லாம் கழுவி வச்சிருந்தாங்க. நல்லாத்தான் துடைச்சிருந்தாங்க. லிப்ஸ்டிக் எல்லாம் முழுசு. ஒண்ணு மட்டும் லேசா சாஞ்சு தேஞ்சிருந்துது, ரெண்டு தடவை போட்டிருப்பாங்க. கண்ணுக்குப் போடற கலர் எல்லாம் அப்படியே, விரல் படாம. பவுடரைத் தொட்டதே இல்ல. கடைசி அடுக்குல வட்டமா ஒரு குழி இருக்கு, ஆரஞ்சு நெறத்துல பிசுபிசுன்னு ஒண்ணு வச்சிருப்பாங்க. அது மட்டும் காலி. காலின்னா, அடியில தகரம் தெரியற அளவுக்குக் காலி. ஓரத்துல ஹேர்பின் வச்சுச் சுரண்டியிருக்காங்க. கோடு கோடா இருக்கு, அங்கதான் இருக்கு பெட்டி, நீங்களே பாருங்க.

அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க மேக்கப் போடறதில்லையோ. நம்ம மாதிரி நெறத்துக்கு, நீலமாவோ கறுப்பாவோ எதாவது இருந்தா அதை மறைக்கறதுக்கு மொதல்ல அந்த ஆரஞ்சைத் தடவணும். நீலத்தை ஆரஞ்சு தின்னுடும். அதுக்கு மேல ஃபவுண்டேஷன் போட்டா ஒண்ணுமே தெரியாது. ஆமா, கண்ணுக்குக் கீழ கருவளையத்துக்கும் போடுவாங்க. நீங்க சொல்றது சரிதான். ஆனா அதுக்கு ஒரு பொட்டு போதும் அத்தை. அந்தக் குழி ரெண்டு வருஷத்துக்கு வரும். சுரண்டி எடுக்கற அளவுக்குப் போகணும்னா கண்ணுக்குக் கீழ மட்டும் பத்தாது. கை வேணும், கழுத்து வேணும், தோள்பட்டை வேணும். ஒரு பொண்ணு மேக்கப் பெட்டி வச்சிருக்கா, தன்னை அழகு பண்ணிக்க எதையும் தொடல, மறைக்கறதை மட்டும் சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்கா. இதைப் பாத்ததும் அக்காளும் தங்கச்சியும் கையை எடுத்துட்டோம். பெட்டியை மூடிட்டோம்.

உங்களை ஒண்ணு கேக்கலாமா? மாப்பிள்ளை மொதல்ல கட்டினவ, உங்க வீட்டு மொத மருமக, இப்ப எங்க இருக்கா அத்தை?

விட்டுட்டுப் போயிட்டா. ஆமா, எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. ஒத்துவரல, கெளம்பிட்டான்னு. யார்கூடயோன்னு எங்க சித்திகிட்ட சொல்லியிருக்காங்க, அம்மா வீட்டுக்குன்னு எங்க அம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. அம்மாவே இல்லாத பொண்ணுன்னு கடையில ஒரு கஸ்டமர் சொன்னாங்க. சரி, அது உங்க வீட்டு விஷயம். எனக்கு ஒண்ணுதான் புரியல. பிடிக்கலன்னு கெளம்பிப் போறவ தன் பெட்டியை எடுத்துட்டுத்தான போவா. அதுவும் நல்ல பெட்டி. ரொம்ப அவசரமாப் போயிருப்பாளோ.

நீங்க ஏன் ஜன்னலைப் பாக்கறீங்க? யாரும் இல்ல அங்க, சமையல்காரங்க பாத்திரம் உருட்டறாங்க.

இப்ப பவுடர். லேசா. இதுவும் கொஞ்ச நேரம் அப்படியே கெடக்கணும், சூட்டுல முகத்தோட சேந்து போகும். அப்பறம்தான் தட்டிவிடணும்.

அப்பாகிட்ட சொல்லாமலா. பெட்டியைத் தெறந்து காட்டி, இது என்ன, இது எதுக்குன்னு கவுண்டர்ல சொல்ற மாதிரி சொல்லியாச்சு. அப்பா அந்தக் குழியையே பாத்துட்டிருந்தாரு. அப்பறம், ஒரு டப்பாவுக்காக நல்ல சம்பந்தத்தைக் கெடுக்கலாமான்னாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல. உங்க அண்ணன் லாரிதான் ஓட்டறாரு, உங்க அண்ணன் குடுத்த வீட்டுலதான் இருக்கோம். நான் தவழ்ந்ததே அந்தத் தரையிலதான். முதலாளி தானா வந்து பொண்ணு கேட்டா டிரைவர் என்ன சொல்லுவான். யோசிச்சுச் சொல்றேன்னு கூட அப்பாவால சொல்ல முடியல. எந்திரிச்சு நின்னு கும்பிட்டாரு.

அப்பறம் மாப்பிள்ளைகிட்டயும் கேட்டுது பொண்ணு. நேராவே. பெட்டி யாரோடதுன்னு. அவரு சிரிச்சாரு. அவரு குரல் உசத்தவே மாட்டாரு, உங்களுக்குத் தெரியும்ல. கடைக்காரப் பொண்ணைக் கட்டினா இதான் தொல்லை, டப்பாவைக்கூட ஆராய்ச்சி பண்ணுதுன்னாரு. அடுத்த நாள் கடைக்குப் போனா, இனி வேலைக்கு வர வேணாம்னு கடை ஓனர் சொல்லிட்டாரு. உங்க வீட்டுல இருந்து சொல்லிட்டாங்கம்மா, கல்யாணப் பொண்ணு கவுண்டர்ல நிக்கறது மரியாதை இல்லையாமேன்னு. அதோட வீட்டு வாசல்ல உங்க வண்டி ஒண்ணு வந்து நிக்க ஆரம்பிச்சுது. எங்க போனாலும் ஏறுங்கம்மா, விடறேன்னு அந்த டிரைவர். இந்த மண்டபத்துக்கு வந்தப்பறம்தான் அந்த வண்டி வாசல்லயே நின்னுது, உள்ள வரல.

மேக்கப்பை நானே போட்டுக்கிறேன், கதவைச் சாத்திக்கிறேன், யாரும் உள்ள வரக் கூடாதுன்னு ஒரே ஒரு விஷயத்துலதான் பொண்ணு பிடிவாதம் பிடிச்சுது. மத்ததுக்கெல்லாம் தலையாட்டியாச்சுன்னு இதை மட்டும் விட்டுட்டாங்க. கடைக்காரி, அந்தத் திமிரு இருக்கத்தான் செய்யும்னு உங்க அண்ணன் சொன்னதா கேள்வி.

கண்ணுக்கு வந்துட்டேன். இதுதான் கஷ்டம். இமையை இழுத்துப் பிடிச்சுக்கணும்.

கோணலா இருக்கா? எந்தக் கண்ணு? வலதா. நீங்க சொன்னாத்தான் தெரியுது. இந்த பல்பு கூசுது, ஒண்ணும் சரியாத் தெரியல. பரவால்ல, பஞ்சுல தொட்டு எடுத்துட்டு மறுபடி போடறேன். நீங்க சிரிக்காதீங்க. கடைக்காரி லைனர் இவ்வளவுதானான்னு நெனைக்கிறீங்க. ஒரு வாரமா ராவும் பகலும் பழகியும் எனக்குக் கண்ணோரம் இழுக்கற இந்த வால் மட்டும் வரல அத்தை. பழகிக் குடுத்தவ பாத்தா தலையில குட்டுவா.

யாரு? கடையில இருக்கறவ ஒருத்தி. இருந்தவ.

கதவைத் தட்டறாங்க. நீங்களே சொல்லிடுங்க, மை காயலன்னு. ஆமா, நேரம் ஆகுதுன்னு எனக்கும் தெரியும். நீங்க சொன்னா கேப்பாங்க. ம், போயிட்டாங்க. நன்றி அத்தை.

நீங்க நல்லவங்களாத்தான் தெரியுறீங்க. வந்ததுல இருந்து என்னை ஒரு அதட்டு அதட்டல. அந்த வீட்டுலயே பொறந்து வளந்தவங்க, ஊருக்குச் சொல்ற அந்த ஒரு வரியைத் தவிர என்கிட்ட எதையும் ஜோடிச்சுச் சொல்லல. அதனாலதான் உங்ககிட்ட வாயைத் தெறந்தேன். வேற யாரு வந்து உக்காந்திருந்தாலும் வெயிலு மழைன்னு எதையாவது பேசியிருப்பேன்.

சரி. லிப்ஸ்டிக்தான் பாக்கி. இது எங்க வீட்டுல இருந்து கொண்டு வந்தது, உங்க பெட்டியில இருந்து எதையும் தொடல. மொதல்ல ஓரம் வரையணும், அப்பறம் உள்ள நிரப்பணும், ஒரு காகிதத்துல ஒத்தி எடுத்துட்டு மறுபடி ஒரு தடவை. அப்பத்தான் சாப்பிட்டாலும் அழுதாலும் போகாது.

அவ்வளவுதான். முடிஞ்சுது.

எப்படி இருக்கேன்? ம். பொண்ணு மாதிரியே இருக்கேனா. நீங்க சொன்னா சரி.

இனிமே சொல்லலாம் அத்தை, நேரம் ஆயிடுச்சு. நான் அவ இல்ல. நான் தங்கச்சி. பின்னூசி வாங்கப் போனாளே, அவதான் உங்க கல்யாணப் பொண்ணு. அவ மாட்டிட்டுப் போனது என் கண்ணாடி, என் பை. அந்தக் கண்ணாடி இல்லாம எனக்கு என் கண்ணு இமையே தெரியாது, அப்பறம் லைனர் எப்படி நேரா வரும். கண்ணாடி அவளுக்குச் சுத்தமா ஆகாது, தலை சுத்தும்னு சொல்லிட்டேதான் போட்டுட்டுப் போனா.

நான் உங்ககிட்ட ஒரு பொய்யும் சொல்லல, யோசிச்சுப் பாருங்க. நீ யாருன்னு நீங்க கேக்கவே இல்ல. உள்ள வந்தீங்க, அலங்காரம் நடக்குது, உக்காந்துட்டீங்க.

ஒவ்வொண்ணும் காயற வரைக்கும் காத்திரு, அவசரப்படாத, லிப்ஸ்டிக் ஒத்தி எடுக்கறப்போ நான் பஸ்ஸுல ரொம்ப தூரம் போயிருப்பேன்னு சொன்னா. கடையில ஒரு முகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு அவளுக்குக் கணக்குத் தெரியும். எங்க போறான்னு என்கிட்டகூட சொல்லல, சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, அதை மட்டும் உங்க அண்ணன்கிட்ட நீங்க சொல்லணும். வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாரு, பண்ணிடறோம். நான் வேலைக்குப் போவேன். அவ நின்ன மாதிரி நானும் நிப்பேன்.

கூப்பிடுங்க யாரையாவது. நான் எங்கயும் ஓடல.

என்ன அத்தை. கத்துவீங்கன்னு நெனைச்சேன். உங்க மொகம் எனக்குப் பொகை மாதிரிதான் தெரியுது, கோபமா இருக்கீங்களா என்னன்னு ஒண்ணும் புரியல.

கதவுகிட்ட எதுக்குப் போறீங்க, இங்க இருந்தே கூப்பிட்டாக் கேக்கும். தாப்பாளை ஏன் போடுறீங்க?

என்ன சொன்னீங்க? யாருக்குத் தெரியும்னா? உங்களுக்குத் தெரியும்ல, இப்பத்தான சொன்னேன். வெளிய இருக்கற கூட்டமா. அவங்க போட்டோவைத்தான் பாத்திருக்காங்க, ஆமா. அதுக்கு?

எங்க அப்பா அம்மா கண்டுபிடிக்க மாட்டாங்களா, பெத்தவங்க. என்னது. கண்டுபிடிச்சாலும் அப்பா எந்திரிச்சு நின்னு கும்பிடுவாரா.

விளையாடாதீங்க அத்தை, அவளுக்குப் பதிலா நான் எப்படி மேடையில உக்கார முடியும். அந்தப் பஞ்சை எடுங்க, நான் இதைத் துடைக்கணும். ஏன் துடைக்கக் கூடாது. மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்தா உடனே தெரிஞ்சுடும், அவரு அவளை எத்தனை தடவை நேர்ல பாத்திருக்காரு.

அவன் மொகத்தை எங்க பாக்கப் போறான்னா சொன்னீங்க?

அத்தை, கையை விடுங்க.